உப்பும் ஒரு சுரப்பியும்

மனித உடலில் உள்ள சுரப்பிகள் இரு திறத்தன. உமிழ்நீர்ச் சுரப்பி, வியர்வைச் சுரப்பி போன்றவை தாம் ஆக்கும் நீரை ஒரு சிறு குழாயின் வழியே உரிய இடத்துக்கு அனுப்புகின்றன. அக்குழாயை நாளம் என்பர். வேறு சில சுரப்பிகளுக்கு நாளம் இல்லை. அவை தாம் ஆக்கும் பொருளை நேரே இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. இரத்தம் அதனை உடலெங்கும் சுமந்து செல்கிறது. எங்கோ தொலைவில் உள்ள ஓர் உறுப்பில் அதன் பயன் வெளிப்படுகிறது. இவையே நாளமில்லாச் சுரப்பிகள். இவை சுரக்கும் பொருள்களுக்கு ஹார்மோன்கள் என்று பெயர்.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் தொங்குவது பிட்யூட்டரி. மற்றச் சுரப்பிகள் பலவற்றை ஏவி வேலை வாங்குவது அது. உடலின் வளர்ச்சியும் அதன் பொறுப்பே. கழுத்தின் முன்புறத்தில் தைராய்டு உள்ளது. அதன் பின்னே அரிசிமணிகள் போல் ஒட்டிக் கிடக்கும் நான்கு பாராதைராய்டுகள், இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தின் அளவைக் காக்கின்றன. இரு சிறுநீரகங்களின் தலைமேலும் தொப்பி வைத்தாற்போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள், ஆபத்து நேரும்போது உடலை ஒரு நொடியில் செயலுக்கு ஆயத்தமாக்குகின்றன. உடலில் உப்பும் நீரும் அளவோடு இருக்கவும் உதவுகின்றன. கணையத்தினுள் திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடக்கும் உயிரணுக்கள் இன்சுலினைத் தருகின்றன. அது குறைந்தால் நீரிழிவு நோய் வருவதை நாம் அறிவோம். ஆணையும் பெண்ணையும் உருவால் வேறுபடுத்தும் இனப்பெருக்கச் சுரப்பிகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நெடிய வரலாறு உண்டு. எனினும் தைராய்டு ஒன்றன் வரலாற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். அதற்குக் காரணம் இரண்டு. நாளமில்லாச் சுரப்பி என்னும் கருத்தே மருத்துவ உலகில் வேரூன்றுவதற்கு இச்சுரப்பி பெரிதும் துணை நின்றது. அன்றியும், அதன் வரலாற்றில் ஒரு பெரிய அத்தியாயம் நம் நாட்டில், இமயத்தின் அடிவாரத்தில் எழுதப்பட்டது. அந்த அத்தியாயம் இன்னும் முடியவில்லை. நம் வீட்டு அடுக்களையில் உள்ள உப்புச் சாடியில் அது தொடர்கிறது.

முதலில் அதன் அமைப்பைக் காண்போம். குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலின் முன்பக்கத்தைத் தழுவியவாறு, வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்தாற்போல் இரண்டு மடல்களாக அமைந்தது தைராய்டு. இரு மடல்களையும் இடையில் ஒரு குறுகிய பாலம் இணைக்கிறது. வளர்ந்தவரிடத்தில் அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். எச்சில் விழுங்கும்போது அது குரல்வளையோடு சேர்ந்து மேலெழுந்து இறங்கும். அளவில் சிறிதாயினும் அதனுள் பாயும் இரத்தம் மிகுதி. நுண்பெருக்கியில் நோக்கினால் எண்ணற்ற சிறு பைகள் தெரியும். அப்பைகளில் பசை போன்ற ஒரு பொருள் நிரம்பியிருக்கும். தான் ஆக்கிய ஹார்மோனைப் பல வாரங்களுக்குப் போதுமான அளவு சேமித்து வைக்கும் களஞ்சியம் அது. பிற நாளமில்லாச் சுரப்பிகளில் இத்துணைப் பெரிய சேமிப்பு இல்லை.

இச்சுரப்பிக்குப் பெயரிட்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் வார்ட்டன் என்னும் மருத்துவர். 1656ஆம் ஆண்டில் சுரப்பிகளைப் பற்றி அவர் வெளியிட்ட நூலில், கேடயம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயரை அமைத்தார். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போர்க்கு ஒரு சொல்லின் பிறப்பை நோக்கும் வழக்கம் எளிதில் விடாது. ‘கேடயம்’ என்னும் பெயர் பொருத்தமாகவே தோன்றும். ஆனால் அக்கேடயம் எதனைக் காக்கிறது என்பது அதற்குப் பெயரிட்டவருக்கே தெரியாது. கழுத்தின் மேடுபள்ளங்களை நிரவி, சிறப்பாகப் பெண்களின் கழுத்துக்கு அழகிய உருவம் தருவதும் அதன் பணிகளுள் ஒன்று என்று அவர் கருதினார். அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இதைவிடத் தெளிவான விடை கிடைக்கவில்லை.

சுரப்பியின் பணி தெரியாவிடினும் அதன் நோயை உலகம் நெடுங்காலமாக அறிந்திருந்தது. கழுத்தின் முன்புறம் வீங்கித் தொங்கும் நிலையை முன்கழுத்துக் கழலை என்கிறோம். நம் ஆயுர்வேத நூல்கள் அதனைக் கலகண்டம் என்று குறிப்பிடுகின்றன. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளிலும், தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளிலும், நம் இமயத்தின் அடிவாரத்திலும் கழலை இல்லாத வீடே அரிது என்னும் அளவுக்கு அது பரவியிருந்தது. அத்தகைய ஊர்களில் மற்றொரு துயரமும் உடன் காணப்பட்டது. சில குழந்தைகள் வளர்ச்சி குன்றி, அறிவு மலராமல், காது கேளாமலும் பேச்சு வாராமலும் வாழ்நாள் முழுதும் பிறர் கையை எதிர்பார்த்து வாழ்ந்தனர். கழலையும் இக்குறையும் ஒரே ஊரில் ஏன் கூடி வாழ்கின்றன என்பதற்கு, தீய காற்று, பனிநீர், பரம்பரை, முன்வினை என்று பலரும் பல காரணம் கூறினர்.

மருந்து மட்டும் காரணத்துக்கு முன்பே கிடைத்திருந்தது. கடற்பஞ்சைச் சுட்டுச் சாம்பலாக்கியும் கடற்பாசியைக் கொண்டும் கழலைக்குச் சிகிச்சை செய்யும் முறை சீனத்திலும் ஐரோப்பாவிலும் பழங்காலத்திலேயே வழங்கிற்று. அச்சாம்பலில் இருந்தது யாது என்பதை ஒரு போரே வெளிக்கொணர்ந்தது எனலாம். நெப்போலியனின் படைகளுக்கு வெடிமருந்து செய்ய வெடியுப்பு தேவைப்பட்டது. அதனை ஆக்கும் தொழிலில் ஈடுபட்டிருந்த பெர்னார் கூர்த்துவா என்பவர், 1811ஆம் ஆண்டில் கடற்பாசிச் சாம்பலில் கந்தக அமிலத்தைச் சற்று மிகுதியாக ஊற்றிவிட்டார். ஊதா நிறப் புகை எழுந்தது. குளிர்ந்த இடங்களில் படிந்து கரிய படிகங்களாயிற்று. ஊதா எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அப்புதிய தனிமம் அயோடின் என வழங்கலாயிற்று.

ஜெனிவா நகரத்து மருத்துவர் குவாந்தே, சுட்ட கடற்பஞ்சின் ஆற்றல் அயோடினில்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்து, 1820ஆம் ஆண்டில் கழலை நோயாளிகளுக்கு அதனைக் கொடுத்தார். பல கழலைகள் சுருங்கின. செய்தி பரவியதும் மக்கள் மருத்துவரைக் கேளாமலேயே அயோடினை வாங்கிக் குடிக்கத் தொடங்கினர். அளவு மிகவே நெஞ்சு படபடப்பும் உடல் மெலிவும் நடுக்கமும் தோன்றின. மருந்து நஞ்சென்று பழிக்கப்பட்டது. ஆண்டீஸ் மலைப் பகுதியில் ஆய்வு செய்த பூசெங்கோ என்னும் பிரெஞ்சு அறிஞர், அயோடின் கலந்த ஊற்றுகளின் உப்பை உண்போர்க்குக் கழலை வருவதில்லை என்று கண்டு, அத்தகைய உப்பை எங்கும் வழங்கலாம் என 1830ஆம் ஆண்டுகளிலேயே எழுதினார். கழலை மிகுந்த ஊர்களின் மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைவு என்று சற்றுப் பின்னர் ஷாத்தேன் என்னும் மற்றொருவர் சோதித்துக் கூறினார். அக்கால அறிஞர் உலகம் அதனை ஏற்கத் தயங்கிற்று. உண்மை கைக்கு எட்டியும், ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பயனின்றிக் கழிந்தன.

இடைப்பட்ட காலத்தில் வேறொரு வழியில் அறிவு வளர்ந்தது. 1849ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கேட்டிங்கன் நகரில் பெர்த்தோல்டு என்பவர் சேவற்குஞ்சுகளின் விதைகளை அகற்றினார். அவற்றுள் சிலவற்றுக்கு மட்டும் விதையை வயிற்றறையினுள் மீண்டும் வைத்தார். நரம்புத் தொடர்பு முற்றும் அறுந்திருந்தும் அவை கொண்டை சிவந்து, கூவி, சண்டையிடும் சேவல்களாகவே வளர்ந்தன. எஞ்சியவை அவ்வாறு வளரவில்லை. இரத்தத்தின் வழியே ஏதோ ஒரு பொருள் சென்று உடலை மாற்றுகிறது என்பதற்கு அது முதற் சான்று. எனினும் அதனை அந்நாளில் பொருட்படுத்தினார் இலர்.

தைராய்டின் பணியை உலகுக்கு உணர்த்தியது ஒரு துயரமான வெற்றி. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் அறுவை மருத்துவராக விளங்கிய தியோடர் கோக்கர், மிகுந்த கைத்திறன் வாய்ந்தவர். அதற்குமுன் கழலையை அறுப்பது உயிருக்கே ஆபத்தாக இருந்தது. அவரோ இரத்தம் சிந்தாமல், நிதானமாக, சுரப்பியை முற்றிலும் அகற்றிக் காட்டினார். நோயாளிகள் பிழைத்து வீடு திரும்பினர். 1874ஆம் ஆண்டில் அவ்வாறு அறுவை செய்யப்பட்ட சிறுமி ஒருத்தி பின்னர் முற்றும் மாறிவிட்டாள் என்னும் செய்தியை வேறொரு மருத்துவர் அவருக்குத் தெரிவித்தார். ஜெனிவாவில் ரெவர்தேன் என்னும் அறுவை மருத்துவரும் தம் நோயாளிகளிடம் இத்தகைய மாறுதலைக் கண்டிருந்தார். கோக்கர் தம் பழைய நோயாளிகளை எல்லாம் திரும்ப அழைத்துப் பார்த்தார். அச்சிறுமியின் தங்கை வளர்ந்து குமரியாகியிருந்தாள். அவளோ குள்ளமாய், முகம் ஊதி, அறிவு மழுங்கி நின்றாள். சுரப்பி முழுதும் அகற்றப்பட்டவருள் மிகப் பெரும்பாலோர் நிலை இதுவே.

கோக்கர் இதனை மறைக்கவில்லை. 1883ஆம் ஆண்டில் அறுவை மருத்துவர் பேரவையில் தம் கையால் நேர்ந்ததைத் தாமே எடுத்துரைத்தார். இனிச் சுரப்பி முழுவதையும் அகற்றுவதில்லை என்று முடிவு செய்தார். 1909ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. வெற்றி பெற்ற அறுவையைவிட, தோல்வியை எண்ணிக் கணக்கெடுத்த அந்த நேர்மையே மருத்துவத்துக்கு மிகுந்த பயன் தந்தது எனில் மிகையாகாது. மலைநாட்டுக் குழந்தைகளின் குறையும், நடுவயதில் சில பெண்களுக்குத் தோன்றுவதாக லண்டனில் வில்லியம் கல் 1873ஆம் ஆண்டில் விவரித்த வீக்கமும் சோர்வும், அறுவைக்குப்பின் வந்த மாற்றமும் ஒன்றே என்றும், மூன்றுக்கும் காரணம் தைராய்டு இழப்பே என்றும் 1888ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் குழு ஒன்று முடிவு கூறிற்று.

இழந்ததை ஈடுசெய்ய இயலுமா என்பதே அடுத்த கேள்வி. 1891ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் முர்ரே என்னும் இளம் மருத்துவர், ஆட்டின் தைராய்டைப் பிழிந்தெடுத்த சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசி வழியே செலுத்தினார். சில வாரங்களில் முகவீக்கம் வடிந்தது, பேச்சு தெளிந்தது, நடை விரைந்தது. அதன்பின் அப்பெண் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அக்காலத்தில் அவருக்காகப் பயன்பட்ட ஆட்டுத் தைராய்டுகள் 870க்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு சுரப்பி சுரக்கும் பொருளை வெளியிலிருந்து கொடுத்தே அதன் வேலையை நடத்திவிடலாம் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது. இன்சுலின் கண்டறியப்பட்ட 1921ஆம் ஆண்டுக்கு முப்பது ஆண்டுகள் முற்பட்ட செய்தி இது.

1895ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலார் பௌமன், தைராய்டினுள் அயோடின் இருப்பதைக் கண்டார். முதலில் அவராலேயே நம்ப முடியவில்லை; உயிர்ப்பொருளில் அயோடினுக்கு என்ன வேலை என்பதே அந்நாளையக் கருத்து. 1902ஆம் ஆண்டில் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர், குடலில் பிறந்து கணையத்தைத் தூண்டும் பொருள் ஒன்றைக் கண்டறிந்தனர். 1905ஆம் ஆண்டில் ஸ்டார்லிங் இத்தகைய பொருள்களுக்கெல்லாம் பொதுப்பெயராக ஹார்மோன் என்பதை வழங்கினார். ‘கிளர்ந்தெழச் செய்வது’ என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். 1914ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவில் கெண்டல் என்பவர் தைராய்டு ஹார்மோனைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அதற்குத் தைராக்ஸின் என்று பெயர். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளன.

இதன்பின் புதிர் முழுதும் அவிழ்ந்தது. தைராக்ஸின் உடலின் ஒவ்வோர் அணுவிலும் எரிபொருள் எரியும் வேகத்தை ஆள்கிறது. அது குறைந்தால் உடல் குளிர்ந்து, சோர்ந்து, தடிக்கும். மிகுந்தால் நெஞ்சு படபடத்து, வியர்த்து, மெலியும். இரத்தத்தில் அதன் அளவு குறையும்போதெல்லாம் பிட்யூட்டரி தன் தூது ஹார்மோனை அனுப்பித் தைராய்டை விரைவுபடுத்தும். உணவில் அயோடின் இல்லையேல் தைராய்டு என்ன செய்யும்? நெல் வராத களத்தில் ஆட்களை மட்டும் கூட்டிக்கொண்டே போவது போல, உயிரணுக்களைப் பெருக்கிக்கொண்டே போகும். கிடைக்கும் சிறிதளவு அயோடினையும் விடாது பற்றிக்கொள்ளச் சுரப்பி பருக்கிறது. அதுவே கழலை. கழலை என்பது சுரப்பியின் குற்றமன்று. அது உடல் செய்யும் முறையீடு.

அயோடின் ஏன் சில ஊர்களில் இல்லை என்பதும் விளங்கிற்று. பனியாறுகளும் பெருமழையும் மலைமண்ணில் இருந்த அயோடினை அரித்துக் கடலிற் சேர்த்துவிட்டன. அடிக்கடி வெள்ளம் புரளும் சமவெளிகளுக்கும் இதே கதி. மண்ணில் இல்லாதது பயிரில் இராது. பயிரில் இல்லாதது ஆட்டிலும் மாட்டிலும் மனிதரிலும் இராது. தேவையோ மிகச் சிறிது. வளர்ந்த ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 150 மைக்ரோகிராம். கருவுற்ற பெண்ணுக்கு 250. ஒரு மனிதனின் வாழ்நாள் முழுவதற்குமான அயோடினை ஒரு தேக்கரண்டியில் அடக்கிவிடலாம். ஆனால் அதனை ஒரே நாளில் உண்டு தீர்க்க இயலாது. நாள்தோறும் சிறிது சிறிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும். ஏழையும் செல்வனும் நாள்தோறும், ஏறத்தாழ ஒரே அளவில் உண்ணும் பொருள் யாது? உப்பு ஒன்றே.

அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் 1917ஆம் ஆண்டில் தொடங்கி டேவிட் மரீன் என்பவர் பள்ளிச் சிறுமியருக்கு அயோடின் கொடுத்துச் சோதித்தார். மருந்துண்ட 2,190 பேரில் ஐவருக்கே சுரப்பி பருத்தது. உண்ணாத 2,305 பேரில் 495 பேருக்குப் பருத்தது. சுவிட்சர்லாந்தில் பேயர் என்னும் மருத்துவர் மலைக்கிராமங்களில் அயோடின் கலந்த உப்பை வழங்கி நற்பயன் கண்டார். 1922ஆம் ஆண்டில் அந்நாட்டின் ஒரு மாநிலம் முதன்முதலாக அவ்வுப்பைத் தன் மக்களுக்கு விற்பனைக்குக் கொணர்ந்தது. 1924ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் பின்தொடர்ந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1901ஆம் ஆண்டில் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து வந்த ராபர்ட் மக்காரிசன் என்பவர், வடமேற்கு எல்லையில் கில்கித் பகுதியில் பணியாற்றினார். அங்கே ஒரே வாய்க்காலின் கரையில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சிற்றூர்கள் அமைந்திருந்தன. மேலூரில் கழலை குறைவு. நீர் ஊர் ஊராக அழுக்கேறிக் கீழே இறங்க இறங்கக் கழலையும் பெருகிக்கொண்டே சென்றது. நீரில் உள்ள கிருமியே காரணம் என அவர் எண்ணினார். அவ்வண்டலைத் தாமே பல நாள் குடித்துத் தம் கழுத்திலும் வீக்கம் வரக் கண்டார். அழுக்கு நீரும் கழலையை மிகுவிக்கக்கூடும் என்பது இன்றும் மறுக்கப்படவில்லை. ஆனால் ஆணிவேர் அயோடின் குறைவே. மக்காரிசன் பின்னர் நீலகிரியின் குன்னூரில் ஆய்வகம் அமைத்து, உணவு ஆராய்ச்சியில் உலகப் புகழ் எய்தினார். அவ்வாய்வகமே 1958ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

அதே குன்னூர் ஆய்வகத்தில் 1947ஆம் ஆண்டு முதல் பணியாற்றியவர் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளத்தில் பிறந்தவர். பின்னாளில் தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராகவும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமை இயக்குநராகவும் உயர்ந்தவர். இமயத்தின் கழலையைப் பற்றி அவரும் அவர் குழுவினரும் செய்த சோதனை, பொதுச் சுகாதார வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றுவிட்டது.

சோதனைக்குத் தேர்ந்த இடம் காங்கடாப் பள்ளத்தாக்கு. இன்று இமாசலப் பிரதேசத்தில் உள்ள அது, 1956ஆம் ஆண்டில் பஞ்சாப் மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. அங்கே வாழ்ந்த ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களை மூன்று வட்டாரங்களாகப் பகுத்தனர். முதல் வட்டாரத்துக்குப் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பு. மூன்றாவதற்குப் பொட்டாசியம் அயோடேட்டு கலந்த உப்பு. நடுவட்டாரத்துக்கு ஏதும் கலவாத வெற்றுப்பு. தொடக்கத்தில் மூன்று வட்டாரங்களிலும் பள்ளிச் சிறார் ஐவரில் இருவர் என்னும் கணக்கில் கழலை இருந்தது. ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அயோடின் பெற்ற இரு வட்டாரங்களிலும் அது பாதியாகவும் அதனினும் குறைவாகவும் இறங்கியிருந்தது. நடு வட்டாரத்தில் மாற்றமே இல்லை. நீரைச் சுத்தம் செய்யவில்லை, உணவை மாற்றவில்லை, ஊரை மாற்றவில்லை. உப்பு ஒன்றே மாறியது. ஐயத்துக்கு இடமின்றி விடை கிடைத்தது.

இங்கே ஒன்றை நினைக்க வேண்டும். நடு வட்டாரத்து மக்கள் அவ்வாறாண்டுகளும் வெற்றுப்பையே உண்டனர். அவர்கள் கழுத்தில் நீங்காதிருந்த வீக்கமே மற்ற நாட்டினர்க்கெல்லாம் சான்றாயிற்று. விடை தெரிந்தபின் 1962ஆம் ஆண்டில் அவர்களுக்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்டது. அங்கும் கழலை குறையத் தொடங்கிற்று. அதே ஆண்டில் மத்திய அரசு தேசியக் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. அத்திட்டத்தின் பயனை இன்று நுகரும் நாம் ஒவ்வொருவரும் பெயரறியாத அம்மலைவாசிகளுக்குக் கடன்பட்டிருக்கிறோம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான இடம் அரிது.

திட்டம் முதலில் மெல்லவே நடந்தது. கழலை இமயத்து மக்களின் நோய், அதுவும் பார்வைக்கு மட்டும் அழகற்ற நோய் என்னும் எண்ணம் அதற்குத் தடையாயிற்று. அவ்விரு எண்ணங்களும் பின்னர் வீழ்ந்தன. இமயப் பகுதிக்கு வெளியே 14 மாவட்டங்களில் 1980ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்தபோது எல்லாவற்றிலும் கழலை காணப்பட்டது. தாயின் அயோடின் குறைவு கருவிலிருக்கும் குழந்தையின் மூளையையே தாக்குகிறது என்பதும் பல நாட்டு ஆராய்ச்சிகளால் உறுதியாயிற்று. கழலை கண்ணுக்குத் தெரியும். மழுங்கிய அறிவு கண்ணுக்குத் தெரியாது. வகுப்பில் பின்தங்கிய சிறுவனை மந்தபுத்தி உடையவன் என்று ஏசுகிறோமே அன்றி, அவன் கருவிலிருந்தபோது அவன் தாய் உண்ட உப்பை எவர் நினைக்கிறார்? ஆஸ்திரேலிய அறிஞர் ஹெட்சல் 1983ஆம் ஆண்டில் இக்கேடுகள் அனைத்துக்கும் அயோடின் குறைபாட்டு நோய்கள் என்னும் பொதுப்பெயர் தந்தார். நாடு முழுதும் உண்ணும் உப்பு அனைத்திலும் அயோடின் கலப்பது என அரசும் முடிவு செய்து, 1986ஆம் ஆண்டு முதல் படிப்படியாக நடைமுறைப்படுத்திற்று. அயோடின் கலவாத உப்பை உண்பதற்கென விற்பதை 1998ஆம் ஆண்டில் மத்திய அரசு தடை செய்தது. 2000ஆம் ஆண்டில் அத்தடை நீக்கப்பட்டது. விளைவுகளைக் கண்டபின், 2006 மே மாதம் முதல் மீண்டும் விதிக்கப்பட்டது.

நம்மவர் தம்மைச் சாராத செய்தி என்று இதனை ஒதுக்குவதற்கில்லை. கடலோரத்தில் பிறந்த நமக்கு அயோடின் குறையாது என்பது பலரின் நம்பிக்கை. கடல்நீரில் அயோடின் உண்டு. எனினும் உப்பளத்தில் நீர் வற்றி உப்புப் பூக்கும்போது அது உப்போடு தங்குவது மிகச் சிறிது. ஆகவே தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் விளையும் கடலுப்பாயினும், மலையில் வெட்டியெடுக்கும் இந்துப்பாயினும், அயோடின் சேர்த்தால் அன்றிப் போதாது. உப்பு விளைவில் முன்னணியில் நிற்கும் தமிழ்நாட்டில்தான், 2018–19ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, போதிய அயோடின் கொண்ட உப்பை உண்ணும் குடும்பங்கள் நாட்டிலேயே மிகக் குறைவு. நாடு முழுதும் நூற்றுக்கு 76 குடும்பங்கள் அத்தகைய உப்பை உண்ண, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 62 குடும்பங்களே உண்டன. ஜம்மு காஷ்மீரத்தில் ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களும் உண்டன. ஒருகாலத்தில் கழலைக்குப் பெயர்போன மலைநாடு விழித்துக்கொண்டது. கடல்நாடு இன்னும் கண் விழிக்கவில்லை.

தில்லியிலும் சண்டிகரிலும் வேறு பல ஊர்களிலும் வாழும் தமிழர் சிலர், ஊருக்குப் போய்த் திரும்பும்போது புளி, மிளகாயோடு கல்லுப்பையும் கட்டிக்கொண்டு வருவது வழக்கம். ஊறுகாய்க்கும் ரசத்துக்கும் அவ்வுப்பின் சுவையே தனி என்பர். சுவையைப் பற்றி வாதிட வேண்டா. அயோடின் சேர்த்த கல்லுப்பும் கிடைக்கிறது. உறையின்மேல் அக்குறிப்பு உண்டா என்று பார்த்து வாங்கினால் போதும். வாங்குவோர் கைக்கு வரும் உப்பில் பத்து லட்சம் பங்குக்கு 15 பங்கேனும் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. உப்பை மூடியிட்ட கலத்தில் வைக்க வேண்டும். ஈரமும் வெயிலும் அயோடினைக் குறைத்துவிடும். சமையலில் இறக்கும் தறுவாயில் உப்பிடுவது நன்று. இரத்த அழுத்தம் உடையோர் உப்பைக் குறைக்க வேண்டியது முறையே. அவர்கள் குறைவாக உண்ணும் அந்த உப்பும் அயோடின் உப்பாகவே இருக்கட்டும். வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் இக்கவனம் இரு மடங்கு வேண்டும். பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துத் தைராய்டின் நிலையை அறியும் சோதனை பல மருத்துவமனைகளில் நடைபெறுகிறது. கேட்டுச் செய்துகொள்வதில் தயக்கம் வேண்டா. பிறவியிலேயே தைராய்டு குறைந்த குழந்தைக்கு முதற் சில வாரங்களுக்குள் மருந்தைத் தொடங்கிவிட்டால், அது பிற குழந்தைகளைப் போலவே வளரும்.

பெரியம்மையை மனித இனம் வென்றது. 1980ஆம் ஆண்டில் அது உலகைவிட்டு ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. இனி அதற்கு அம்மை குத்த வேண்டியதில்லை. கழலை அத்தகைய பகையன்று. மலையை அரிக்கும் மழை நிற்கப் போவதில்லை. மண்ணில் அயோடின் திரும்ப ஊறப் போவதுமில்லை. 1991ஆம் ஆண்டில் சோவியத் ஒன்றியம் சிதைந்து, உப்பில் அயோடின் கலக்கும் ஏற்பாடு தளர்ந்தபோது, மறைந்துவிட்டதாக எண்ணிய கழலை மத்திய ஆசியக் குடியரசுகளில் மீண்டும் தலைகாட்டிற்று. காங்கடாவில் கிடைத்த விடை ஒருமுறை அறிந்து மறந்துவிடக் கூடியதன்று. ஒவ்வொரு தலைமுறையும் அதனைத் தன் சமையலறையில் நாள்தோறும் நிறைவேற்றியாக வேண்டும்.